யாழ்ப்பாணத்தில் புதுவீடு: நில அதிர்வையும் கணக்கில் எடுத்துக் கட்டுவது எப்படி

வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் வீதியிலிருந்து எவ்வளவு தள்ளி, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்றெல்லாம் கேட்பார்கள். நிலம் அதிர்ந்தால் இந்த வீடு நிற்குமா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. படம் கீறியவர் கேட்கவில்லை, மேசன் கேட்கவில்லை, கனடாவிலிருந்து காசு அனுப்பிய அண்ணரும் கேட்கவில்லை. நானாகக் கேட்டதற்கு "யாழ்ப்பாணத்தில எங்க தம்பி பூமி நடுங்கிறது?" என்று சிரிப்புத்தான் வந்தது.

அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. இலங்கை புவித்தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆபத்து குறைவு. ஆனால் பூச்சியம் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் வந்த அதிர்வு தட்டின் விளிம்பில் வந்ததல்ல, உட்பகுதியில் வந்தது. இதற்காக யாழ்ப்பாணத்தில் ஜப்பான்காரர் மாதிரி கட்ட வேண்டியதில்லை. சில அடிப்படை விஷயங்களைச் சரியான நேரத்தில் கேட்டு வாங்கினால் போதும். அவை புயலுக்கும் உதவும், அத்திவாரம் கொஞ்சம் இறங்கினாலும் உதவும். சரியான நேரம் என்றால் படம் கீற முன்னர். அப்புறம் கேட்டால் எல்லாமே உடைத்துக் கட்டும் செலவு.

1. படவரைஞரிடம் போக முன்னர் பொறியியலாளரைப் பிடியுங்கள்

எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே. முதலில் சாத்திரியாரைக் கொண்டு நிலையம் எடுப்பது (வீட்டின் திசையும் அளவும் குறிப்பது), பிறகு படவரைஞரிடம் படம் கீறுவிப்பது, அனுமதிக்காக உள்ளூராட்சி சபைக்குக் கொடுக்கும் நேரத்தில்தான் ஒரு பொறியியலாளரின் கையெழுத்தைத் தேடி ஓடுவது. அந்தக் கையெழுத்துக்குக் காசு கொடுத்தீர்கள் என்றால் வாங்கியது ஒரு கையெழுத்து மட்டும். தூண் எங்கே, பீம் எங்கே என்பதெல்லாம் அதற்கு முன்னரே முடிந்துவிடும்.

சாத்திரியாரோடு சண்டை வேண்டாம். வீட்டின் திசையையும் நீள அகலத்தையும் அவர் சொல்லட்டும். தூண்களின் இடத்தையும் கதவு யன்னல்கள் மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் பொறியியலாளர் சொல்லட்டும். இரண்டு பேரையும் ஒரே நாளில் காணிக்குக் கூப்பிட்டால் பாதித் தலையிடி குறையும்.

பொறியியலாளர் என்று சொல்பவர் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் பதிந்தவரா என்று கேளுங்கள். மாடி வீடு என்றால் பட்டயப் பொறியியலாளராக, கட்டமைப்பு வேலை செய்பவராக இருப்பது நல்லது. வீதி போடும் பொறியியலாளரும் கெட்டிக்காரர்தான், ஆனால் அது வேறு வேலை.

அவரிடம் கேட்க மூன்று கேள்விகள்:

எந்த விதிநூலின்படி கணக்குப் பார்க்கிறீர்கள்? இங்கே நெடுங்காலம் புழங்கிய பிரித்தானிய பி.எஸ். 8110இல் நில அதிர்வுக்கென்று ஒன்றும் இல்லை. யூரோகோட் 8 அல்லது இந்தியாவின் ஐ.எஸ். 1893 என்று பதில் வந்தால் ஆளுக்கு விஷயம் தெரியும்.

நில அதிர்வுக்கு என்ன பெறுமானம் எடுத்தீர்கள்? ஒப்பிடுவதற்கு (எண் கூடினால் ஆட்டம் பலம் என்று பொருள்): இந்திய விதிநூலின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் மிகக் குறைந்த வலயத்துக்கு 0.10, சென்னை இருக்கும் மூன்றாம் வலயத்துக்கு 0.16. எங்களுக்கு எது பொருந்தும் என்பது அவருடைய தீர்மானம். ஆனால் ஏதோ ஓர் எண் கணக்கில் இருக்க வேண்டும், அந்த எண் படத்திலும் எழுதப்பட வேண்டும்.

கட்டும்போது எத்தனை முறை வந்து பார்ப்பீர்கள்? குறைந்தது அத்திவாரக் கம்பி கட்டியதும், தூண் கம்பி கட்டியதும், ஒவ்வொரு பிளேட் (கொங்கிறீற் தளம்) போட முன்னரும். கணக்கு, படம், வருகை மூன்றுக்கும் கூலியைத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் சேர்த்து ஒரு தொகை" என்று பேசினால் பிற்பாடு குறைவது எப்போதும் வருகைதான்.

2. காணியில் குழி வெட்டிப் பாருங்கள்

குடாநாடு முழுக்க ஒரே நிலம் என்று நினைக்க வேண்டாம். வலிகாமத்தில் பல இடங்களில் செம்பாட்டு மண்ணைக் கொஞ்சம் கிண்டினாலே சுண்ணக்கல் வந்துவிடும். அத்திவாரத்துக்கு நல்ல நிலம். ஆனால் சுண்ணக்கல்லைத் தண்ணீர் கரைக்கும், உள்ளே பொந்து இருக்கலாம். சுண்ணக்கல் கரைந்து உண்டான நிலாவரைக் கிணறு இருக்கும் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. வடமராட்சி கிழக்குக் கரையில் மணல். நாவற்குழி, அரியாலைப் பக்கம் கடல்நீரேரி ஓரத்தில் களியும் நிரப்பிய மண்ணும்.

நில அதிர்வு என்று வரும்போது பயப்பட வேண்டியது தண்ணீர் ஊறிய தளர்ந்த மணலுக்கு. குலுங்கும்போது மணலின் இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, நிலம் கூழ் போல இளகிவிடும். வீடு முழுசாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் புதையும். கரையோரக் காணி என்றால் மண்பரிசோதனைக்குக் காசு பார்க்க வேண்டாம். மற்ற இடங்களில் ஒரு மாடி வீட்டுக்கு மூன்று இடத்தில் அத்திவார ஆழத்துக்கும் கீழே குழி வெட்டி, பொறியியலாளர் இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் போதும். செலவு ஒரு நாள் கூலியோடு முடியும். மழைக்காலத்தில் கிணற்று நீர் எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதை அயலவரிடம் கேட்டு அவரிடம் சொல்லுங்கள். கோடையில் வெட்டிய குழி அதைக் காட்டாது.

3. வீட்டின் உருவம்

கணக்கைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. சதுரமாக, செவ்வகமாக இருக்கும் வீடு நன்றாகத் தாங்கும். மேல்மாடித் தூண் கீழ்த்தூணுக்கு நேர்மேலே வர வேண்டும். நடுவில் ஒரு பீமில் தூணை நிறுத்தி "மேலே பெரிய ஹோல் வேண்டும்" என்று கேட்பதுதான் வெளிநாட்டிலிருந்து வரும் படங்களில் அதிகம் காணும் சிக்கல்.

அடுத்தது கீழே கடை அல்லது வாகனம் விட வெறும் தூண், மேலே சுவர்கள் நிறைந்த வீடு. 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் அருகே 7.7 அளவில் அதிர்ந்தபோது, 200 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட மாடிக் கட்டடங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் பல இப்படிக் கீழ்த்தளம் திறந்தவை. குஜராத்தின் ஆபத்து எங்களுடையதைவிட எவ்வளவோ கூட. ஆனால் கட்டடத்தின் உருவம் ஒன்றுதான். கீழ்த்தளம் திறந்துதான் ஆகவேண்டும் என்றால் இரு திசையிலும் சில இடங்களில் கொங்கிறீற் சுவர் வேண்டும், அல்லது தூண்களைப் பெரிதாக்க வேண்டும். பொறியியலாளரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது எங்கள் வீடுகளுக்கே உரியது: விறாந்தையின் அரைச்சுவர். இரண்டு தூண்களுக்கு இடையில் மூன்றடி உயரத்துக்குச் சுவர் வைத்து இறுக்கிக் கட்டினால், தூணின் கீழ்ப்பகுதி அசையாது, மேலே மிஞ்சியிருக்கும் துண்டு மட்டும் முழு ஆட்டத்தையும் வாங்கும். அந்தக் குட்டைத் துண்டு குறுக்கே வெடிக்கும். தூணுக்கும் அரைச்சுவருக்கும் இடையில் ஓர் இடைவெளி விட்டு மென்மையான பொருளால் நிரப்பலாம், இல்லாவிட்டால் அந்தத் தூண் முழுவதும் வளையக் கம்பியை (நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுவது) நெருக்கலாம். எது என்று படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

4. விண்ணப்பக் கோவையில் இருக்க வேண்டியவை

சபைக்குப் போக முன்னர் இவ்வளவும் கையில் இருக்கட்டும்: உறுதியின் பிரதி, நில அளவையாளர் கையெழுத்திட்ட காணிப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, விண்ணப்பப் படிவம், வீட்டுப் படத்தின் பிரதிகள், மாடி என்றால் கட்டமைப்புப் படங்களும் பொறியியலாளரின் சான்றும். எத்தனை பிரதி என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். மாநகர சபையா, நகர சபையா, பிரதேச சபையா என்று பார்த்து, படிவம் வாங்கும் அன்றே தேவைப் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள்.

சீதனக் காணி என்றால் காணி மனைவி பெயரில் இருக்கும், விண்ணப்பமும் அவர் பெயரில்தான் போக வேண்டும். உரித்தாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம் வேண்டும், அதை அங்கிருந்து எழுதி அனுப்ப நேரம் எடுக்கும். கோவை தூங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், வீட்டுப் படத்தால் அல்ல. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் காணி என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். அதை முதலில் தொடங்குங்கள்.

சபையின் திட்டக் குழு எப்போது கூடுகிறது என்று கேட்டு, அதற்கு முன்னர் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் காணியைப் பார்த்துவிடும்படி நாளைச் சரிப்படுத்துங்கள். ஒரு கூட்டம் தப்பினால் அடுத்த கூட்டம்வரை காத்திருப்புத்தான். கட்டணம் பரப்பளவைப் பொறுத்தது. எதற்கும் பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரு பொறி: சபைக்கு ஒரு படமும் மேசனுக்கு இன்னொரு படமும் வைத்திருப்பது இங்கே சாதாரணம். கட்டி முடிந்து இணக்கச் சான்றிதழ் (அனுமதித்த படத்தின்படி கட்டியதற்கான சான்று) கேட்கும்போது அது வெளியே வரும். அனுமதி கிடைத்த பிறகு எதையாவது மாற்றினால் பொறியியலாளரிடமும் சபையிடமும் திருத்தப் படம் போக வேண்டும்.

5. எந்த மாதம் தொடங்குவது

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அத்திவாரக் குழி திறந்திருக்கக் கூடாது. குழியில் நீர் நின்று மண் இளகினால் அதற்கு மேல் போடும் கொங்கிறீற்றுக்கு எந்தக் கம்பியும் உதவாது. தை பிறந்ததும் தொடங்குவது வசதி. அதற்கு ஆவணி, புரட்டாசியிலேயே கோவை சபைக்குள் இருக்க வேண்டும். இங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் பொறியியலாளரைச் சித்திரையிலாவது பிடித்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

6. கம்பி கட்டும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கொங்கிறீற் போட்ட பிறகு யாராலும் பார்க்க முடியாதது கம்பி.

தூணின் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் இரண்டு நுனியையும் எங்கள் மேசன்மார் செங்கோணமாக, 90 பாகையில் வளைத்து விட்டுவிடுவார்கள். சும்மா நிற்கும் வீட்டுக்கு அது போதும். குலுங்கும் வீட்டில் தூணின் வெளிக் கொங்கிறீற் முதலில் உதிரும். உதிர்ந்ததும் 90 பாகை நுனி பிடிமானம் இல்லாமல் விரியும், நெட்டுக் கம்பி வெளியே வளையும், தூண் கதை முடிந்தது. நுனியை 135 பாகைக்கு வளைத்து, தூணின் உள்ளே போகும்படி மூன்று அங்குலம் நீட்டி விட்டால் அது விரியாது. இந்தியாவின் ஐ.எஸ். 13920 கேட்பது கம்பித் தடிப்பின் ஆறு மடங்கு, குறைந்தது 65 மில்லிமீற்றர். மூன்று அங்குலம் அதற்குப் போதும்.

மேசன் சொல்லப்போவது இதுதான்: "முப்பது வருசமா இப்பிடித்தான் வளைக்கிறன் தம்பி, ஒரு வீடும் விழேல்லை." அவர் சொல்வது பொய்யில்லை. வாதாட வேண்டாம். ஒரு வளையத்தை நீங்கள் கேட்கும்படி வளைப்பித்து, அதை மாதிரியாகக் கம்பி வளைக்கும் பலகையில் ஆணியடித்துத் தொங்க விடுங்கள். கூலி பேசும்போதே "135 பாகை வளைவு" என்று எழுதிக்கொண்டால் பிறகு முகம் முறியாது.

இடைவெளி அடுத்தது. 10 அடி உயரம், 12 அங்குலச் சதுரத் தூண் ஒன்றை எடுங்கள். வழமைபோல் 8 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 15 வளையம். மேலும் கீழும் 20 அங்குல நீளத்துக்கு 3 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கி, நடுவில் 6 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் ஏறக்குறைய 27. மேலதிகம் 12 வளையம். 8 மில்லிமீற்றர்க் கம்பியில் ஒரு வளையம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வரும். ஆக ஒரு தூணுக்கு ஐந்தரைக் கிலோ அளவில். 12 தூண் உள்ள தளத்துக்கு 65 கிலோ. இன்றைய கம்பி விலையால் பெருக்கிப் பாருங்கள், பிறகு குளியலறை மாபிளுக்கு ஒதுக்கிய காசையும் பாருங்கள்.

தூணும் பீமும் சந்திக்கும் முடிச்சுக்குள்ளும் வளையம் வேண்டும். அங்கே கம்பி நெருக்கமாக இருப்பதால் கை போகாது என்று விட்டுவிடுவார்கள். பீமில் தூண் முகத்திலிருந்து பீம் ஆழத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்கு வளைய இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பீம் ஆழம் குறைந்தால் இன்னும் நெருங்கும், அதைப் படம் சொல்லும்.

நெட்டுக் கம்பியை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் இடம் தூண் உயரத்தின் நடுப்பாதியில் வர வேண்டும். பிளேட்டுக்கு மேலே இரண்டடி கம்பி விட்டு அந்த இடத்திலேயே அடுத்த கம்பியைச் சேர்ப்பதுதான் இங்கே நடப்பது. ஆட்டம் அதிகம் வாங்கும் இடமும் அதுதான். "பிறகு மேல்மாடி எடுக்கலாம்" என்று மொட்டை மாடியில் நீட்டி விடும் கம்பிகளுக்கும் இதே கதை. உப்புக் காற்றில் அவை பத்து வருடம் துருப்பிடித்து நிற்கும். மேல்மாடி உண்மையிலேயே வரும் என்றால் எப்படி விடுவது, எதனால் மூடுவது என்று பொறியியலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில் எஸ்.எல்.எஸ். 375 தரக் குறியீடு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் சீமெந்துக் கவர்க்கட்டை வைக்கச் சொல்லுங்கள், கல்லுத் துண்டு வேண்டாம். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு தூணையும் அளவுகோல் வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள்.

7. மணல், தண்ணீர், கொங்கிறீற்

உவர் நீரில் கொங்கிறீற் குழைக்க வேண்டாம். தீவகத்திலும் கரையோரத்திலும் கிணற்றைச் சுவைத்துப் பார்த்தாலே தெரியும். உப்பு கம்பியைத் தின்னும், தின்ற கம்பி எந்த அதிர்வையும் தாங்காது. பவுசரில் நல்ல தண்ணீர் எடுக்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். மணலும் அப்படியே. கரை மணல் வேண்டாம், அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலை வாங்கி, அந்தப் பத்திரத்தின் பிரதியையும் வைத்திருங்கள்.

கலவை இளகி ஓட வேண்டும் என்று தண்ணீரை ஊற்றுவதுதான் வெயில் நாளில் நடக்கும் குற்றம். விடிய முன்னர் தொடங்கினால் அந்த ஆசை குறையும். பிளேட் போடும் நாளில் பரிசோதனைக் கட்டிகள் ஆறு எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கக் கொடுங்கள். ஒரு வாரமாவது ஈரம் காயவிடாமல் நனையுங்கள். பிளேட்டைத் தாங்கும் முட்டுக் கழற்றும் நாளைப் பொறியியலாளர் சொல்லட்டும், முட்டுக்கு வாடகை வாங்குபவர் அல்ல.

8. தூணும் மாடியும் இல்லாத ஒரு தட்டு வீடு

பெரும்பாலானோர் கட்டுவது இதுதான்: சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக் கூரை. இதற்குத் தூண் தேவையில்லை, சுற்று பீம் தேவை. அத்திவாரத்துக்கு மேல் ஒன்று, கதவு யன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரையைத் தாங்கும் வளைமரம் உட்காரும் மட்டத்தில் ஒன்று. லிண்டலை யன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடாமல் எல்லாச் சுவரிலும், உட்சுவர் உட்பட, சுற்றிக் கொண்டுபோக வேண்டும். குறைந்தது 3 அங்குலத் தடிப்பு, இரண்டு கம்பி.

மூலையில் கவனம். கம்பி மூலையில் வெட்டப்பட்டு நின்றால் சுற்று பீம் என்பது பெயருக்கு மட்டும். வளைந்து அடுத்த சுவருக்குள் இரண்டடி போய் அங்குள்ள கம்பியோடு கட்டப்பட வேண்டும். மூலைகளில் அத்திவாரத்திலிருந்து கூரை பீம்வரை ஒரு நெட்டுக் கம்பி, சுற்றிக் கொங்கிறீற் நிரப்பி விட்டால் இன்னும் நல்லது. கதவு யன்னல் மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்கட்டும். ஒரு சுவரில் துளைகளின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம். முக்கோண முகட்டுச் சுவர் வைப்பதானால் அதன் சரிவிலும் ஒரு பீம் வேண்டும். நாலு பக்கமும் இறங்கும் கூரைக்கு அந்தத் தொல்லை இல்லை. வளைமரத்தைக் கூரை பீமில் போல்ட் அடித்து இறுக்குங்கள். புயலுக்கும் அதுவே பிடி.

பழைய சுண்ணாம்புச் சாந்து வீட்டின் மேல் மாடி எடுக்கும் யோசனை இருந்தால், விட்டுவிடுங்கள். அந்தச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கலாம், பக்கத்திலிருந்து வரும் தள்ளலைத் தாங்காது.

9. குடி புக முன்னர்

1000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அது பிளேட்டின் நடுவில் அல்ல, தூண் அல்லது சுவருக்கு நேர்மேலே இருக்க வேண்டும், கட்டியும் இருக்க வேண்டும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரையும் வீதியோர மதிலையும் இடையிடையே கம்பியோடு தூண் வைத்துக் கட்டுங்கள். குலுங்கும்போது ஆளின் தலையில் முதலில் விழுவது இவைதான். உயரமான அலுமாரியைச் சுவரில் இறுக்குங்கள்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று வடமராட்சி கிழக்கில் கொன்றது அதிர்வல்ல, கடல். வீடு எவ்வளவு பலமாக இருந்தாலும் கடல் உள்வாங்கினால் அல்லது எச்சரிக்கை வந்தால் உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டியதுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இணக்கச் சான்றிதழ் வாங்கும்போது கட்டமைப்புப் படங்கள், பரிசோதனைக் கட்டிகளின் அறிக்கை, கம்பிப் படங்கள் எல்லாவற்றையும் உறுதியோடு ஒரே பெட்டியில் வையுங்கள். ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கும் சகோதரத்துக்கும் போகட்டும். பின்னொரு காலத்தில் சுவர் இடிக்கவோ மேலே கட்டவோ வருபவர் "எங்கே பீம் ஓடுது?" என்று கேட்டால், காட்ட உங்களிடம் அது மட்டும்தான் இருக்கும்.